நுரைக்கும் ஒரு கணக்கு உண்டு
வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றியும் இஞ்சி பீர் பற்றியும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை. கடல் தாண்டி வந்தது ஒன்றே ஒன்று.

பெங்களூருவில் மைக்ரோ ப்ரூவரி பீர் குடித்த பிறகு கடை பீர் இறங்க மாட்டேன் என்கிறது. யூடியூப் பார்த்து 20 லிட்டர் கேன், ஈஸ்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூ எல்லாம் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மொட்டை மாடி அறையில் காய்ச்சி நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கலாமா? விற்கும் எண்ணமே இல்லை.
– ஐ.டி. ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

கார்ட்டைக் காலி செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விற்றீர்களா, இனாமாகக் கொடுத்தீர்களா என்பதெல்லாம் அடுத்த கேள்வி; காய்ச்சியதே குற்றம்தான். இந்தச் சட்டத்துக்கும் நம் ஊருக்கும் தனி உறவு உண்டு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான்.

ஆனால் பீர் காய்ச்சுவதில் இருக்கும் கைவேலையை இழக்க வேண்டியதில்லை. நொதிப்பைத் தொடங்கிவைக்கும் உறையை வளர்ப்பது, சர்க்கரையைக் கணக்கிடுவது, பாட்டிலுக்குள் வாயுவை அடக்குவது ஆகிய மூன்றையும் இஞ்சி பீரில் பழகலாம். பெயரில்தான் பீர், இது இஞ்சியும் சர்க்கரையும் நொதித்த நுரைப் பானம்; தானியமோ ஹாப்ஸோ இதில் இல்லை. ஒரு உண்மையை மட்டும் மறைக்கக் கூடாது. ஈஸ்ட் வேலை செய்யும் எதிலும் துளி ஆல்கஹால் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் மதுபானம் என்கின்றன. மதுவிலக்குச் சட்டம் 'மது' என்பதை அதைவிட அகலமாகவே வரையறுக்கிறது. ஆகவே சின்ன அளவில் போட்டு, நொதிப்பைச் சீக்கிரம் நிறுத்தி, சில நாளில் குடித்து முடிக்கும் முறையை மட்டும் கீழே சொல்கிறோம். விற்பனைக்கு இது ஆகாது. துளிகூட வேண்டாம் என்பவர்களுக்குக் கடைசிப் பதிலில் வேறு வழி இருக்கிறது.

இஞ்சி உறை மூன்று முறை போட்டேன். ஒரு முறைகூட நுரைக்கவில்லை. இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும்தானே, இதில் என்ன தப்பு நடக்க முடியும்?
– குடும்பத் தலைவி, அம்மாப்பேட்டை

நீங்கள் எழுதியிருக்கும் முறையில் இரண்டு இடம் இடிக்கிறது: இஞ்சியைத் தோல் சீவியிருக்கிறீர்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறீர்கள்.

நுரையைக் கிளப்பும் ஈஸ்ட் வெளியிலிருந்து வருவதில்லை. இஞ்சித் தோலில்தான் ஒட்டியிருக்கிறது. தோலைச் சீவினால் உறையே இல்லாமல் பால் வைத்த கதைதான். மண் போகக் கழுவினால் போதும், சீவ வேண்டாம். பளபளவென்று வெளுத்திருக்கும் இஞ்சியையும் தவிருங்கள். நிறத்துக்காக ரசாயனத்தில் முக்கிக் கழுவிய இஞ்சியில் ஈஸ்ட் தங்காது. உழவர் சந்தையில் மண் ஒட்டிக் கிடக்கும் சுருங்கிய இஞ்சி பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நன்றாக நுரைக்கும்.

தண்ணீருக்கு வருவோம். மேட்டூர்த் தண்ணீர் குளோரின் போட்டுத்தான் குழாய்க்கு வருகிறது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினுக்கு உங்கள் ஈஸ்ட் மட்டும் விதிவிலக்கா? பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும்.

இனி அளவு. வாயகன்ற ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் 500 மில்லி ஆறிய தண்ணீர், தோலோடு பொடியாக நறுக்கிய இஞ்சி 25 கிராம், வெள்ளைச் சர்க்கரை 25 கிராம். மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். தினமும் காலையில் 10 கிராம் இஞ்சியும் 10 கிராம் சர்க்கரையும் சேருங்கள். காலை மாலை இரு வேளையும் சுத்தமான கரண்டியால் கலக்குங்கள். சேலத்து ஏப்ரலில் இரண்டு மூன்று நாளில், மார்கழியில் ஐந்து நாளில் தயாராகிவிடும். காதை ஜாடிக்குக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும். கலக்கும்போது இஞ்சித் துண்டுகள் மேலே ஏறி வெண்ணுரை கட்டும். வாசனை புளிப்பும் காரமுமாக இருக்கும். இது மூன்றும் வந்த பிறகுதான் பானத்தில் ஊற்ற வேண்டும். 'இன்றைக்கு லீவு, இன்றைக்கே போட்டுவிடலாம்' என்று அரைகுறை உறையை ஊற்றுவதால்தான் பாதி பேருக்குக் காரியம் கெடுகிறது.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். அதில் உள்ள தாது உப்பு ஈஸ்ட்டுக்குத் தீனி, வேகம் கூடும். அந்த வேகமே முதல் முறை போடுபவருக்குத் தொல்லை. வெள்ளைச் சர்க்கரையில் கை பழகிய பிறகு வெல்லத்துக்குப் போங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் எதுவும் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். கண்ணாடி அல்லது எவர்சில்வர். இரும்பாலை இருக்கும் ஊரில் எவர்சில்வருக்கா பஞ்சம்?

உறை நன்றாகப் பொங்குகிறது. அடுத்து பானம் போடுவதற்குச் சரியான அளவு வேண்டும். ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொன்று சொல்கிறது.
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

நான்கு லிட்டருக்கு: இஞ்சி 200 கிராம், சர்க்கரை 320 கிராம், எலுமிச்சை நான்கு அல்லது ஐந்து (சாறு 100 மில்லி வர வேண்டும்), கல் உப்பு ஒரு சிட்டிகை, வடிகட்டிய உறை 200 மில்லி.

ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய இஞ்சியையும் சர்க்கரையையும் போட்டுப் பதினைந்து நிமிடம் மூடிக் கொதிக்கவிடுங்கள். திறந்து வைத்தால் இஞ்சி மணம் தெருவுக்குப் போய்விடும். இறக்கி, முன்பே கொதிக்கவைத்து ஆறிய மூன்று லிட்டர் தண்ணீரைச் சேருங்கள். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. 35 டிகிரிக்கு மேல் உறையை ஊற்றினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும், 50க்குப் போனால் செத்துவிடும். எலுமிச்சைச் சாறு, உப்பு, உறை ஆகியவற்றைச் சேர்த்து, துணியில் வடித்து, நுரைப் பானம் வந்த பெட் பாட்டிலில் நான்கு விரற்கடை இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லிசு, அது வேண்டாம். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பு ஏறினால் கெட்ட கிருமிகள் அண்டாது. போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் ஒரு பழம் கூடுதலாகப் பிழியுங்கள், அந்த உவர் தண்ணீர் புளிப்பை விழுங்கிவிடும்.

இப்போது முக்கியமான கணக்கு. ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறத்தாழ அரை கிராம் வாயுவும் அரை கிராம் ஆல்கஹாலும் வரும். ஒன்று மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்று பேரம் பேச முடியாது. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 3 கிராம் வாயு. நாக்கில் மெல்லிய சுருசுருப்பு இருக்கும். கூடவே ஆல்கஹால் சுமார் 0.4 சதவீதம். நிறுத்த வேண்டிய இடம் இதுதான். கோலி சோடா மாதிரி மூக்கில் ஏறும் உறைப்பு வந்துவிட்டதென்றால் ஆல்கஹாலும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதைச் சாதனையாக நினைக்காதீர்கள்.

லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போட்டோமே, ஆறு கிராம்தானே தீர்கிறது என்றால், மீதி இனிப்புக்கு. ஆபத்தும் அதே மீதியில்தான் இருக்கிறது. பாட்டிலை அலமாரியில் மறந்துவிட்டால் ஈஸ்ட் மிச்சத்தையும் தின்னும். எண்பது கிராமும் தீர்ந்தால் 40 கிராம் வாயு. அறைச் சூட்டில் அது கார் டயர் அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகும். எந்தக் கண்ணாடி பாட்டிலும் நிற்காது. கண்ணாடி வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

எப்போது நிறுத்துவது? மூடியதும் பாட்டிலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதுக்கென்று உள்ளே போகும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அழுத்துங்கள். விரல் லேசாகப் பதிந்து உடனே எகிறி வந்தால் சரியான பதம், ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். கல் மாதிரி இருந்தால் தாமதித்துவிட்டீர்கள். குளிரவைத்து, சிங்க்கில் வைத்து, மூடியைக் கால் திருகு திருகி வாயுவை விட்டு விட்டு இறக்குங்கள். வெயில் காலத்தில் 16 மணி நேரத்திலேயே பதம் வந்துவிடும். ஃப்ரிட்ஜ் ஈஸ்ட்டைக் கொல்லாது, தூங்கவைக்கும். ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கோலி சோடா பாட்டில் பழையது பத்து இருக்கிறது. அதில் அடைத்தால் அழகாக இருக்குமே?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

அழகுதான், அடைபடாது. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில் கோலியை மேலே தள்ளிக் கழுத்து ரப்பர் வளையத்தில் அழுத்துவதே உள்ளே இருக்கும் வாயுதான். சோடாக் கடையில் பாட்டிலைக் கவிழ்த்து மெஷினில் வாயுவை ஏற்றும்போது கோலி போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் பானத்தில் முதல் பத்து மணி நேரம் வாயுவே இல்லை. கோலி கீழேயே கிடக்கும், வரும் கொஞ்ச வாயுவும் வெளியே போய்விடும். அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகலூரில் எங்கள் வீட்டில் உறை எட்டு நாளாகியும் அசையவில்லை. சேலத்தில் அக்கா வீட்டில் மூன்றே நாள். மலைக்கு இது சரிப்படாதா?
– காபித் தோட்டக்காரர், ஏற்காடு

சரிப்படும், உண்மையில் மலையில்தான் ருசி நன்றாக வரும். ஈஸ்ட்டுக்கு 25 டிகிரிச் சூடு கிடைத்தால் நிதானமாக வேலை செய்யும். சேலத்து 38 டிகிரியில் அது அவசரப்பட்டு வேண்டாத வாசனைகளையும் கிளப்பும். உங்கள் ஊர் டிசம்பர் இரவில் 13, 14 டிகிரி. அதில் ஈஸ்ட் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். தெர்மகோல் பெட்டிக்குள் ஜாடியை வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றைக் காலையும் இரவும் மாற்றி மாற்றி வையுங்கள். பெட்டி இல்லையென்றால் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கலாம். அடுப்பு மேடையில் வைப்பது வேண்டாம். சமைக்கும் நேரம் 45 டிகிரி, மற்ற நேரம் 15 என்று ஏறி இறங்கினால் அதைவிடக் கெடுதல் இல்லை.

ஆரஞ்சு, கொய்யா, பேரிக்காய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காபியோடும் பழ மரங்களோடும் இஞ்சி நன்றாகவே ஒத்துப்போகும். நான்கு லிட்டரில் 400 மில்லி தண்ணீரைக் குறைத்து அந்த அளவு பழச்சாறு சேருங்கள். சர்க்கரையில் 40 கிராம் குறையுங்கள், பழத்தின் சர்க்கரை அந்த இடத்தை நிரப்பும். ஆரஞ்சின் உள் வெள்ளைத் தோல் துளி விழுந்தாலும் கசக்கும். கொய்யாவை இரண்டு முறை துணியில் வடிகட்டுங்கள். சதைத் துணுக்கு மிதந்தால் திறந்த உடனே வாயு முழுவதும் அந்தத் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே வரும். பாதிப் பானம் தரையில். காபிப் பழத்தோல் வேண்டாம். மருந்து அடித்த தோட்டத்தின் தோலை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது.

உறை கரண்டியில் எடுத்தால் நூல் போல இழுபடுகிறது. மேலே வெள்ளையாக ஏடும் கட்டியிருக்கிறது. கொட்டிவிடலாமா?
– கன்னங்குறிச்சி வாசகி

இரண்டும் வேறு வேறு. நூல் பிடிப்பது பாக்டீரியாவின் வேலை. வெள்ளைச் சர்க்கரையைத் தின்று பசை மாதிரி ஒன்றைச் சுரக்கும் வகைகள் உண்டு. சர்க்கரை அதிகம், சூடு அதிகம், கலக்குவது குறைவு என்றால் ஈஸ்ட்டை அவை முந்திக்கொள்ளும். குடித்தால் ஆபத்து என்பதைவிட, குடிக்கவே பிடிக்காது. ஒரு கரண்டி மட்டும் எடுத்துப் புது ஜாடியில் இஞ்சி அதிகமாகவும் சர்க்கரை பாதியாகவும் போட்டு மூன்று நாள் பாருங்கள். அப்போதும் இழுத்தால் முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

வெள்ளை ஏடு மெல்லியதாக, சுருங்கிய பாலாடை மாதிரி இருந்தால் அது காற்றில் வளரும் ஒருவகை ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டுத் தொடரலாம். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி முளைத்திருந்தால் பூஞ்சணம். அதை வழிக்கக் கூடாது. முழுவதையும் கொட்டி, ஜாடியை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

வாசனையும் நிறையச் சொல்லும். அழுகிய முட்டை வாசம் வந்தால் ஈஸ்ட்டுக்குத் தீனி போதவில்லை, இஞ்சியைக் கூட்டுங்கள், இரண்டு நாளில் போய்விடும். காடி வாசம் என்றால் காற்று அதிகம் படுகிறது. நெயில் பாலீஷ் வாசம் என்றால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

வீட்டில் நொதிக்கவைத்தால் கள்ளச்சாராயம் மாதிரி விஷமாகிவிடும் என்று அம்மா தொடவே விடவில்லை.
– பள்ளி ஆசிரியை, கொண்டலாம்பட்டி

பக்கத்து மாவட்டத்தில், கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்த எந்த அம்மாவும் பயப்படத்தான் செய்வார். அங்கே உயிரைக் குடித்தது நொதிப்பு இல்லை, மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, சாராயத்தில் யாரோ கலந்தது. சர்க்கரையும் இஞ்சியும் நொதித்து மெத்தனால் வருவதில்லை. பழச்சதை சேர்த்தால் மிக நுண்ணிய அளவில் வரும். ஒரு தம்ளர் பழச்சாற்றிலேயே அந்த அளவு உண்டு. காய்ச்சி வடிப்பது வேறு வேலை. அதை வீட்டில் யாரும், எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இட்லி மாவு பொங்குவதும் இதுவும் ஒரே சாதி.

சூரமங்கலம் என் ஊர். இப்போது மான்செஸ்டரில் வேலை. இங்கே வீட்டில் பீர் காய்ச்சத் தடை இல்லையாம். முதல் முறைக்கு எளிய முறை சொல்ல முடியுமா? நண்பர்கள் பத்துப் பேர் இருக்கிறோம்.
– இங்கிலாந்து வாசகர்

தடை இல்லை என்பது சரி. பிரிட்டனில் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கிவிட்டது. உங்கள் வீட்டில் குடிக்கலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம்; காசு வாங்கக் கூடாது.

மால்ட் என்றதும் மிரள வேண்டாம். சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைக்கிறோமே, அதையே பார்லிக்குச் செய்வதுதான். முளையில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரைக் கரைசலை வற்றவைத்துப் பொடியாகவே விற்கிறார்கள். முதல் முறை பொடியில் தொடங்குங்கள். முழுப் பார்லியிலிருந்து செய்வது மூன்றாவது, நான்காவது தடவைக்கு.

20 லிட்டருக்கு வெளிர்நிற மால்ட் பொடி இரண்டரை கிலோ, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) வகை ஹாப்ஸ் 70 கிராம், ஆங்கில ஏல் வகை உலர் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்று. மூடியும் ஏர்லாக்கும் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, 15 லிட்டர் பாத்திரம், ஹைட்ரோமீட்டர், உறிஞ்சு குழாய், கழுவத் தேவையில்லாத சானிடைசர். ஹைட்ரோமீட்டர் வேறொன்றுமில்லை, பால்காரரின் லாக்டோமீட்டருக்கு அண்ணன்; கரைசலில் சர்க்கரை குறையக் குறைய அது காட்டும் எண் இறங்கும்.

பத்து லிட்டர் தண்ணீரில் பாதிப் பொடியைக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். முதல் கொதியில் பால் பொங்குவதுபோல் பொங்கும். அடுப்பை விட்டு நகரக் கூடாது. நுரை அடங்கியதும் 45 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும், கசப்பு இறங்குவது அப்போதுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் மீதி 25 கிராம், வாசனைக்கு. இறக்கிவிட்டு மீதிப் பொடியைக் கரையுங்கள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து வேகமாக ஆற்றி, வாளியில் ஊற்றி, கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரால் 20 லிட்டர் ஆக்குங்கள். ஹைட்ரோமீட்டர் 1.046 பக்கம் நிற்கும். கரைசல் 20 டிகிரிக்கு வந்த பிறகே ஈஸ்ட்டைத் தூவ வேண்டும்.

அடுப்பை அணைத்த கணத்திலிருந்து கரைசலைத் தொடும் ஒவ்வொன்றும் சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும்: கரண்டி, குழாய், மூடி, உங்கள் கை. அதற்கு முன்னால் சுத்தம் போதும். கொதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கெட்டுப்போன பீரில் பெரும்பகுதி கெட்டது இந்த இடத்தில்தான்.

18 முதல் 20 டிகிரி அறையில் இரண்டு வாரம். ஹீட்டர் பக்கம் வைத்து 26 டிகிரி போனால் வாழைப்பழ வாசமும் தலைவலியும் நிச்சயம். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதே என்று பாட்டிலில் அடைக்காதீர்கள். குமிழி பொய் சொல்லும், ஹைட்ரோமீட்டர் சொல்லாது. 1.011 பக்கம் வந்து, மூன்று நாள் தொடர்ந்து அதே எண் நின்றால்தான் முடிந்தது. அப்போது ஆல்கஹால் சுமார் நாலரை சதவீதம்.

பாட்டிலில் நுரைக்க, மொத்தத்துக்கும் 110 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலி வாளியில் முதலில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்கினால் தானே கலந்துகொள்ளும். பாட்டில் பாட்டிலாக ஸ்பூனில் போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று வெடியாகவும் இருக்கும். இங்கே கண்ணாடி ஆகும். ஏனென்றால் தின்ன மிச்சச் சர்க்கரை இல்லை, நாம் அளந்து போட்டது மட்டும்தான். இஞ்சி பீருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுவே. 20 டிகிரியில் இன்னும் இரண்டு வாரம் நிற்கட்டும். அரை லிட்டர் பாட்டில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். வண்டலோடு வாளியின் அடியில் சிறிது போகும். பத்துப் பேருக்குத் தலைக்கு மூன்றுக்கு மேல் வரும். ஊற்றும்போது அடி வண்டல் கிளம்பாமல் ஒரே சாய்ப்பில் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். குடித்துவிட்டு யாரும் வண்டி எடுக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பைக்கில் இஞ்சி பீர் எடுத்துப்போகிறோம். உயரம் ஏற ஏற பாட்டில் வெடிக்குமா?
– அழகாபுரம் வாசகர்

உயரத்தால் வெடிக்காது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1,500 மீட்டர். வெளிக் காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பெட் பாட்டிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பயப்பட வேண்டியது பைக் டிக்கிக்கு. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைத்திருக்கும் வாயுவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 40 டிகிரியில் பிடித்துவைக்கும். மீதி மூடியை முட்டும். சூட்டில் ஈஸ்ட்டும் விழித்துக்கொள்ளும். ஈரத் துண்டில் சுற்றி, ஐஸ் போட்ட பையில் வைத்து, விடியற்காலையில் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் பாட்டிலைக் குலுக்கியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் குளிரில் நிற்கவைத்துவிட்டுத் திறங்கள். பகோடா பாயின்ட்டில் போய் நின்றதும் செல்ஃபிக்காகத் திறந்தால் சட்டைதான் குடிக்கும்.

சர்க்கரை நோயாளி குடிக்கலாமா?
– குகை வாசகர்

சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் அளவில் 200 மில்லி தம்ளரில் 15 கிராம் பக்கம் மிச்சம் இருக்கிறது, மூன்று டீஸ்பூன். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வீட்டு விசேஷத்துக்கு முப்பது பேருக்கு இஞ்சி பீர் கொடுக்க ஆசை. எப்படிப் பரிமாறுவது? என்னென்ன கவனிக்க வேண்டும்?
– அயோத்தியாபட்டினம் வாசகி

தலைக்கு 150 மில்லி வைத்தால் நான்கரை லிட்டர். சிந்துவதற்கும் சேர்த்து ஆறு லிட்டர் போடுங்கள். எல்லாவற்றையும் அரை லிட்டர் பாட்டிலில் அடையுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து வைத்தால் கடைசித் தம்ளருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் அடைத்து, மறுநாள் பதம் பார்த்து, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு முழுக்க நிற்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு கரைந்து தங்கும். ஃப்ரீசரில் அரை மணி வைப்பது அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு பாட்டிலிலும் அடைத்த நாளையும் நேரத்தையும் மார்க்கரால் எழுதுங்கள். ஆறு லிட்டருக்கு ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று பானம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு மாவுப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் கூச்சம் பார்க்காதீர்கள். 'இது நொதித்தது, துளி ஆல்கஹால் இருக்கும்' என்று ஊற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாலை போட்டிருப்பவர், விரதம் இருப்பவர், மது தொடாத இஸ்லாமிய நண்பர், குடியை விட்டு மீண்டவர், கர்ப்பிணி, குழந்தைகள் – இவர்களுக்கு வேறு ஜாடி. அதற்குக் கால் லிட்டர் தண்ணீரில் 150 கிராம் தட்டிய இஞ்சியும் 250 கிராம் சர்க்கரையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்துப் பாகு செய்துகொள்ளுங்கள். தம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி பாகு, அரை எலுமிச்சை, உப்பு ஒரு சிட்டிகை, மேலே கடையில் வாங்கிய கோலி சோடா. இதில் நொதிப்பே இல்லை, நுரையும் நம்முடையதைவிட ஜோராக இருக்கும். சொல்லப்போனால் பந்தியில் முதலில் காலியாவது இந்த ஜாடிதான்.

தொட்டுக்கொள்ளத் தட்டுவடை செட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பீட்ரூட்டும் கேரட்டும் காரச் சட்னியும் வாயில் இருக்கும்போது இஞ்சிக் காரம் அடங்கி எலுமிச்சை மேலே வரும். சட்னியில் பூண்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்; பூண்டும் இஞ்சி பீரும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.